சம்பந்தி வீட்டுக் கார்

ஞானாதிக்கம் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது நகையைப் பற்றிப் பேசவில்லை. நிலத்தைப் பற்றியும் பேசவில்லை. கார் கேட்டார்கள்.

புதுக் கார் அல்ல. புதுக் காருக்குப் பதிவு செய்தால் ஏழெட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் காத்திருப்பார்களா என்று சிரித்துக்கொண்டே ஞானாதிக்கம் ஒரு வழி சொன்னார். அவர் வீட்டில் நிற்கும் காரை நாங்கள் விலைக்கு வாங்க வேண்டும். வாங்கி, அவர் மகன் மைக்கேல்ராஜுக்கே கல்யாணச் சீராகக் கொடுக்க வேண்டும்.

பணம் தகப்பனுக்கு, கார் மகனுக்கு, பேர் எங்களுக்கு.

நான் சரி என்றேன். கல்யாணப் பெண் இசபெல்லா என் தம்பி யாகப்பனின் மகள். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் வார்த்தை கொடுக்கிறவன் நான்தான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்ற நகரசபை ஆபீசில் உட்கார்ந்து காரைக்காலின் பிறப்பையும் கல்யாணத்தையும் சாவையும் எழுதியவன் நான். எழுதியதை அடித்துத் திருத்தும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை படித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை. மூன்று முறை இருவர் பெயரையும் படித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம் உறுதி. அன்றைக்கே பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சாமியார் காரை மந்திரிப்பதாக ஏற்பாடு. ஊர் முழுக்கப் பார்க்கும். ஆகவே காரை எடுத்துவர முந்தின நாள் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி ஞானாதிக்கத்தின் ஊரான பூவத்துக்குப் போனோம்.

நான், யாகப்பன், நூகு. நூகு மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவன். காரை ஓட்டிவர ஒரு ஆள் வேண்டும் என்றுதான் யாகப்பன் அவனைக் கூட்டி வந்தான். அப்படித்தான் என்னிடம் சொன்னான்.

ஞானாதிக்கம் பிரான்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து பென்சன் வாங்கும் சொல்தா. அறுபத்திரண்டில் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய கார் அது. அடர்ந்த சிவப்பு, இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பந்தயத்துக்கென்றே செய்த வண்டி என்பார்கள். பதினைந்து வருஷமாக அந்தப் பக்கத்து ஜனங்கள் மாட்டு வண்டியை ஓரம் கட்டி அதற்கு வழிவிட்டு வந்திருக்கிறார்கள்.

கொட்டகையில் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். ஞானாதிக்கம் சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டினார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன். வெளியே போயிருக்கிறான் என்றார். பணம் முன்பே கொடுத்தாகிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் நூகு காரின் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. யாகப்பனைப் பார்த்தான்.

யாகப்பன் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில், மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே என்றான். தாழ்ந்த குரல்தான். ஆனால் ஞானாதிக்கத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சம்பந்தி வீட்டில் வாங்குற பொருளைத் திறந்து பார்க்கிற வழக்கம் நம்ம வீட்ல எப்ப வந்துச்சு யாகப்பா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன். "அரிசி மில்லுல தவிட்டுல கையை விட்டு விட்டு உனக்கு எங்க போனாலும் கையை விடத் தோணுது."

ஞானாதிக்கம் பெரிதாகச் சிரித்தார். அவர் வீட்டுப் பெண்களும் ஜன்னலுக்கு உள்ளே சிரித்தார்கள். யாகப்பன் ஐம்பது வயதுக்காரன். காரின் பின்பக்கத்து இடுக்கில் நுழைந்து, முழங்காலை மார்போடு சேர்த்து மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அது குழந்தைகள் உட்காரும் இடம்.

நூகு சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கை தட்டினார்கள்.

பூவத்தைத் தாண்டி ஒரு மைல்கூட வந்திருக்க மாட்டோம். நூகு வேகத்தைக் குறைத்தான். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவனாகவே சொல்ல ஆரம்பித்தான். முன்மூடி சுட்டதாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் சுடாது, நாம் வருவதற்குள் யாரோ ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். சூடான இன்ஜின் நோயை மறைக்கும், குளிர்ந்த இன்ஜின் மறைக்காது. மீட்டரில் பதினாலாயிரம் என்று இருக்கிறது. ஆனால் காலடியில் இருக்கும் பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. மீட்டர் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் முதலிலிருந்து வந்திருக்கிறது. லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி இது.

"சொல்தா வீட்ல அப்படிச் செய்ய மாட்டாங்க" என்றேன்.

"நான் வீட்டைச் சொல்லலீங்க முசே, வண்டியைச் சொல்றேன். கிராங்க் பேரிங் போயிடுச்சு. கெட்டி ஆயிலை ஊத்தி அடக்கி வெச்சிருக்காங்க. சத்தம் கேக்குதா உங்களுக்கு?"

கேட்டது. அடியில் யாரோ சிறு சுத்தியலால் தட்டுவது போல. கோட்டுச்சேரி வருவதற்குள் அது பெரிய சுத்தியலாகிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாகப்பனின் தலைக்குப் பின்னால் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, நீலப் புகைதான் தெரிந்தது.

எத்தனை நாள் தாங்கும் என்று யாகப்பன் கேட்டான். ஒரு நாளும் தாங்கலாம், ஒரு மாசமும் தாங்கலாம் என்றான் நூகு. ஓடும்போது உள்ளே ராடு முறிந்தால் இன்ஜினின் வயிறு கிழியும். மாற்ற வேண்டிய பேரிங் இந்தத் தேசத்திலேயே இல்லை, பிரான்சிலிருந்து வர வேண்டும்.

இதை அவன் வெளியில் சொன்னால் அவன் பட்டறை காரைக்காலில் இருக்காது என்று சொன்னேன். நூகு எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கூலி வாங்காமல் போனான்.

இசபெல்லா வாசலில் நின்றிருந்தாள்.

அவளுக்குப் பத்து வயதில் தாய் போய்விட்டாள். அதன்பின் யாகப்பன் அவளை மில்லுக்கே கூட்டிக்கொண்டு போய், இன்ஜின் ரூமுக்கு வெளியே உட்காரவைத்துப் படிக்க வைத்தான். எந்த நேரமும் அந்த ஆயில் இன்ஜினின் சத்தத்துக்குள் வளர்ந்த பெண். கார் தெருமுனை திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆரத்தித் தட்டு எடுக்கப் போன வேலைக்காரியை நிறுத்திவிட்டு, காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன ஐப்பசியில நம்ம மில்லு இன்ஜின்ல இதே சத்தம்தான் வந்துச்சு பெரியப்பா. மூணாம் நாள் ராடு உடைஞ்சு சுவத்துல அடிச்சுது. அங்க அப்ப ஆளு யாரும் இல்லே. இதுல நாங்க உக்காந்திருப்போம்."

கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்றேன். சம்பந்தி வீட்டுப் பொருளைக் குறை சொன்னால் சம்பந்தியைக் குறை சொன்னதாகும் என்றேன். அவள் குரல் உயரவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

"அவங்க வீட்லேர்ந்து வந்தவங்க என்னை ஊசியில நூல் கோக்கச் சொன்னாங்க. கோத்துக் காட்டினேன். கூடத்துல நாலு தரம் நடக்கச் சொன்னாங்க. நடந்தேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. என் கண்ணை ஊசி வெச்சுப் பார்த்தவங்க காரை நாம காது வெச்சுக் கேக்கக் கூடாதா?"

பெண்ணைப் பார்ப்பது வேறு, பொருளைப் பார்ப்பது வேறு என்று சொல்லி உள்ளே போகச் சொன்னேன். போனாள். காரின் மேல் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். மறுநாள் கோயில் வரைக்கும் மூன்று தெரு. தள்ளிக்கொண்டு போனாலும் போய்ச் சேரும்.

அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தவன் மைக்கேல்ராஜ்.

இசபெல்லா உள்ளே போனதும் கொல்லைப்புறமாக நூகுவின் பட்டறைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நூகு மாப்பிள்ளையைத் தேடி அடுத்த பஸ்ஸில் பூவத்துக்கே திரும்பிப் போயிருக்கிறான். பகல் மூன்று மணிக்கு மாப்பிள்ளை, ஓலை படித்து முடியாத மாப்பிள்ளை, தனியாக சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினான். நெடுங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன். அதுவரைக்கும் மாப்பிள்ளைதான்.

அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். ஒரு வாரமாக விடியற்காலையில் காரை ஓட்டிச் சூடாக்கிப் பழக்கியவன் அவன்தானாம். கெட்டி ஆயிலை ஊற்றியதும் அவன்தானாம். அப்பா சொன்னார், செய்தேன் என்றான். காலையில் எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கடற்கரைப் பக்கம் போய்விட்டானாம்.

"கார் எங்க வீட்டுக்கே திரும்பட்டும் மாமா. பணத்தை அப்பாகிட்டேர்ந்து வாங்கித் தரது என் பொறுப்பு. எனக்கு எந்தக் காரும் வேணாம். கல்யாணம் மட்டும் நடக்கட்டும்."

உள் அறைத் திரை அசைந்தது. அங்கே இசபெல்லா நிற்கிறாள் என்று தெரியும். யாகப்பனின் முகம் மலர்ந்ததையும் பார்த்தேன். காலையிலிருந்து மடங்கிக் கிடந்தவன் நிமிர்ந்து நின்றான். எல்லாம் சரியாகிவிட்டது என்று இருவரும் நினைத்துவிட்டார்கள்.

நான் நினைத்தது வேறு. இன்ஜின் தங்கம் என்று ஞானாதிக்கம் என்னிடம் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேன். நான் ஏற்றுக்கொண்டிருந்தவரை எங்கள் வீட்டை யாரும் ஏமாற்றவில்லை. இந்தப் பையன் என் கூடத்தில் நின்று வாயைத் திறந்த பிறகுதான் நாங்கள் ஏமாந்தவர்கள் ஆனோம்.

மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்தேன். சொன்னதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

அவன் தயங்கவில்லை. உட்கார்ந்து எழுதினான். கணக்கு வாத்தியாரின் எழுத்து, வரிசை பிசகாமல் இருந்தது. தகப்பன் பெயர், தன் பெயர், ஆயில், விடியற்காலை, மீட்டர், ஒன்றையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டான். உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தான். அதற்குள் இசபெல்லா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். சிரிக்கவில்லை, ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"தம்பி" என்றேன். "உங்கப்பன் திருடன்னு எழுதிக் கையெழுத்துப் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? அஞ்சு நிமிஷம். இந்தக் கை நாளைக்கு எம் பொண்ணைப் பத்தி என்ன எழுதும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குப் புரியவில்லை. யாகப்பனுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, வேணாண்ணே" என்று என் கையைப் பிடித்தான். உதறினேன்.

"தகப்பனைக் காட்டிக் கொடுத்த பிள்ளைக்கு எங்க வீட்ல பொண்ணு கிடையாது. போ."

"நீங்கதான் எழுதச் சொன்னீங்க" என்றான் மைக்கேல்ராஜ். குரல் சிறு பிள்ளையின் குரல் மாதிரி ஆகிவிட்டது.

"எழுத மாட்டேன்னு சொல்லியிருந்தா உனக்குப் பொண்ணு உண்டு."

அது உண்மை. எழுத மறுத்து, தகப்பன் பேரைக் காப்பாற்றிக்கொண்டு எழுந்து போயிருந்தால், அன்றே அவன் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன். உடைந்த காரைக் கோயில் வரைக்கும் நானே தள்ளியிருப்பேன்.

இசபெல்லா அவனுக்கும் எனக்கும் நடுவில் வந்தாள். அவரை நான்தான் வரச் சொன்னேன், சொல்லுவதை என்னிடம் சொல்லுங்கள் என்றாள். நான் அவளைத் தாண்டி வாசலைக் காட்டினேன். மைக்கேல்ராஜ் அவளைப் பார்த்தான், யாகப்பனைப் பார்த்தான், பிறகு வாசலுக்குப் போனான். சைக்கிளை எடுக்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது என்பதால் நான் வாசல் வரைக்கும் போய், மருமகனை வழியனுப்புகிறவனைப் போல நின்றேன்.

நாலரைக்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஓலையைப் படிக்க வேண்டாம் என்றேன்.

காரணம் கேட்டார். ஓலையை நிறுத்தக் காரணம் இல்லாமல் முடியாது. உறவு முறையில் தடையா, வேறு கல்யாணம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் கை சட்டைப் பை வரைக்கும் போய்த் திரும்பியது. அந்தத் தாளைக் காட்டினால் ஞானாதிக்கம் திருடன் ஆவார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே மூச்சில் இந்தச் சூசைமுத்து, நான், ஏமாளி ஆவேன். மூடியைத் திறந்து பார்க்காமல் லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை வாங்கி வந்தவன் என்று மீன் விற்கிறவள்கூடச் சிரிப்பாள்.

"பொண்ணுக்குச் சம்மதம் இல்லே சாமி" என்றேன்.

சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். அதுதான் யாரையும் சிறுமைப்படுத்தாத காரணம். பெண் மனசு மாறிவிட்டது என்றால் ஊர் இரண்டு நாள் பேசும், மூன்றாம் நாள் விட்டுவிடும்.

சாமியார் பேனாவை மூடி வைத்தார். போன வாரம்தான் அந்தப் பெண் வந்து பாவசங்கீர்த்தனத்தில் தன் பாவங்களைச் சொல்லிவிட்டு, கல்யாணப் பூசைக்கு என்ன பாட்டு என்று கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். பிறகு, அவருக்கே உரிய மெதுவான குரலில் சொன்னார்:

"சம்மதம் இருக்குன்னும் சரி, இல்லேன்னும் சரி, அதை அந்தப் பொண்ணுதான் சொல்லணும். நாளைக்குக் காலையில பூசைக்கு முன்னாடி கூட்டிக்கிட்டு வாங்க. நான் தனியா கேக்கிறேன். நீங்க வெளியில நில்லுங்க."

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். யாகப்பன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். இசபெல்லா அவன் காலடியில். நான் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். காலையில் சாமியார் கேட்பார். எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"கோயில்ல நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா பெரியப்பா?"

"ஆமா."

"நான் சம்மதம்னு சொன்னா?"

"அப்ப நீ இந்த வீட்டுப் பொண்ணு இல்லே. உங்கப்பன் என் தம்பியும் இல்லே. மில்லு எம் பேர்ல இருக்கு. திங்கக்கிழமை அவன் வேற வேலை தேடிக்கணும்."

மில் முப்பது வருஷமாக யாகப்பனின் உழைப்பில்தான் ஓடுகிறது. அது எனக்குத் தெரியாததல்ல. பத்திரத்தில் இருக்கும் பேர் என்னுடையது.

இசபெல்லா தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகத்தான் பார்த்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. யாகப்பன் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணன் சொன்னா..." என்றான்.

அவள் எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள், தகப்பனின் காபி டம்ளரை எடுத்துக்கொண்டாள். உள்ளே போகும் முன் நின்றாள்.

"சாமியார் கேக்கும்போது நீங்க உள்ள இருப்பீங்களா பெரியப்பா?"

"வெளியில நிக்கச் சொல்லியிருக்கார்."

"அப்ப சரி" என்றாள். "வரேன்."

என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு நான் பயந்ததாக ஆகியிருக்கும்.